பட்டறைக் கை படிந்த மண் தடக் கார்கள்: இன்று ஒன்றை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தப் பட்டறையில், எந்த மண்ணுக்காகக் கட்டிய கார் என்று கேட்டு வாங்குங்கள்.

அமெரிக்காவின் மண் தடப் பந்தயங்களுக்காக 1950-க்கும் 1985-க்கும் இடையில் சிற்றூர்ப் பட்டறைகளில் கட்டப்பட்ட ஸ்பிரின்ட் கார்கள் (சக்கரங்கள் வெளியே தெரியும் ஓராள் பந்தயக் கார்கள்), மிட்ஜெட்கள் (அவற்றின் சிறிய வடிவம்), மாடிஃபைடுகள் (சாலைக் காரின் உடலை ஒட்டி மாற்றிக் கட்டியவை) இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பழைய பந்தயக் கார் ஓட்டங்களில் அவை ஓடுகின்றன, கண்காட்சிகளில் நிற்கின்றன. இந்த விமர்சனம் ஒரே ஒரு காரைப் பற்றியதல்ல. அந்தப் பட்டறைகள் செய்த பொருள் எப்படிப்பட்டது, எதில் உயர்ந்தது, எங்கே விரிசல் விடும், இன்று ஒருவர் கையில் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பற்றியது.

அந்தக் காலத்துப் பட்டறை என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை. நான்கைந்து பேர், சமதளமான கனத்த இரும்பு மேசை, ஒரு லேத்து, பைப் வளைக்கும் எந்திரம், வெல்டிங் செட்டு. வாங்குபவர்கள் எல்லோரும் ஓரிரவு இழுவைத் தூரத்துக்குள் இருப்பவர்கள். சனிக்கிழமை இரவு தடத்தில் மூக்கு நசுங்கிய கார் ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறை வாசலில் நிற்கும். அடுத்த வார இறுதிக்குள் அது ஓட வேண்டும். எது உடைகிறது, எது வளைகிறது, எது தேவைக்கு மேல் கனமாக இருக்கிறது என்பது கட்டியவருக்கு வாரந்தோறும் கண்ணுக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருந்தது. இந்தக் கார்களின் தரத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. பொறியியல் பட்டம் இல்லாத பலர், பட்டம் பெற்றவர்களும் வியக்கும் சேசிஸ்களை, அதாவது காரின் எலும்புக்கூடான குழாய்ச் சட்டங்களை, கட்டியது இப்படித்தான்.

பெயர்களைச் சொல்லாமல் போனால் தவறு. பென்சில்வேனியாவில் ஆலன்டவுனின் ஹைரம் ஹில்லகாஸ், லெபனனின் டிக் டோபியாஸ், யார்க்கின் கென்னி வெல்ட். ஒஹாயோவில் யங்ஸ்டவுனின் ஃபிளாய்ட் ட்ரெவிஸ். அயோவாவில் டி மொய்னின் பாப் ட்ராஸ்டல். கான்சஸில் விசிட்டாவின் லவர்ன் நான்ஸ். கனடாவின் விக்டோரியாவில் இருந்து வந்து இண்டியனாபொலிசில் பட்டறை போட்ட கிராண்ட் கிங். கலிஃபோர்னியாவில் ஆனஹைமின் டான் எட்மண்ட்ஸ். சிறிய பட்டறை என்றால் சிறிய வெற்றி என்று பொருளல்ல. 1961-இல் ஓட்டுநர் ஏ. ஜே. ஃபாய்ட் அமெரிக்காவின் புகழ்பெற்ற இண்டியனாபொலிஸ் 500 பந்தயத்தை முதன்முதலாக வென்றது யங்ஸ்டவுனில் ட்ரெவிஸ் கட்டிய காரில்தான்.

இனி மண். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கார்களை மதிப்பிட முடியாது. அயோவாவின் நாக்ஸ்வில் தடம் அரை மைல், கரிய பிசுபிசுப்பு மண். டி மொய்னில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். ட்ராஸ்டலின் கார்கள் அந்த மண்ணை நன்றாக அறிந்தவை. 1977-இல் ஓட்டுநர் டக் வுல்ஃப்காங் ட்ராஸ்டலின் காரில்தான் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் பெரிய ஸ்பிரின்ட் கார் பந்தயமான நாக்ஸ்வில் நேஷனல்ஸை வென்றார். ஒஹாயோவின் எல்டோரா வேறு வகை. அதுவும் அரை மைல்தான், ஆனால் ஓரம் செங்குத்தாக உயர்ந்தது. சரிவு அதிகமானால் திருப்பத்தில் காரைக் கீழ்நோக்கி அழுத்தும் விசையும் அதிகமாகும், ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட மாநிலக் கண்காட்சித் திடல்களின் ஒரு மைல் தடங்களோ தட்டையானவை. அங்கே அதே விறைப்போடு போனால் வலது பின் சக்கரம் மண்ணைக் கடிக்காமல் வழுக்கும்.

ஒரே இரவிலும் தடம் மாறும். முதல் சுற்றுகளில் ஈரமும் பிடிப்பும் இருக்கும். கடைசிப் பந்தயத்துக்குள் மண் காய்ந்து, டயர் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேறிவிடும். அதனால்தான் பெரும்பாலான பட்டறைகள் எளிதில் மாற்றக்கூடிய இரண்டு பாகங்களை நம்பின. ஒன்று டார்ஷன் பார். மற்றது குவிக்-சேஞ்ச் பின் அச்சு.

டார்ஷன் பார் என்பது முறுக்கினால் திரும்ப நினைக்கும் எஃகுத் தடி. பழைய மிட்ஜெட்களில் கமான் பட்டை செய்த வேலையை ஸ்பிரின்ட் காரில் இது செய்கிறது. விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 0.975 அங்குலத் தடியை எடுத்துவிட்டு 1 அங்குலத் தடியைப் போட்டால் கூடும் தடிமன் 0.6 மில்லிமீட்டர்தான். விறைப்போ ஏறத்தாழ 11 சதவீதம் கூடிவிடும். அதை அச்சோடு இணைக்கும் கையைச் சுருக்கினாலும் விறைப்பு ஏறும்: 14 அங்குலக் கையை 13 ஆக்கினால் சக்கரத்தில் 16 சதவீதம். ஆகவே காரோடு வரும் உதிரித் தடிகளை விற்பவர் சொல்லும் அளவை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று இதைவிட முக்கியம். தடியை ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். எதிர்த் திசையில் அதை மாட்டக் கூடாது. இடப்பக்கத் தடியை வலப்பக்கம் மாட்டினால் சில ஓட்டங்களில் தளர்ந்து கார் ஒரு மூலையில் உட்காரும், அல்லது உடையும். முனையில் குறி இல்லாத பழைய தடியின் வரலாறு தெரியாவிட்டால் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் புதிது வாங்குவதே புத்திசாலித்தனம். தடி ஓடும் குழாயின் புஷ்ஷையும் கழற்றிப் பாருங்கள். உள்ளே மண்ணும் பழைய கிரீசும் இறுகியிருந்தால் எந்தத் தடியை மாட்டினாலும் கார் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். இது தெரியாமல் தடிமேல் தடி மாற்றி அலைபவர்கள் உண்டு.

குவிக்-சேஞ்ச் பின் அச்சுக்கு அதைச் செய்த ஹாலிபிராண்ட் நிறுவனத்தின் பெயர்தான் பல காலம் நின்றது. முதன்மைப் பற்சக்கர ஜோடியான கிரௌன்-பினியனைத் தொடாமல், பின்மூடியைக் கழற்றி இரண்டு நேர்பல் கியர்களை மாற்றினால் விகிதம் மாறிவிடும், பதினைந்து நிமிட வேலை. டிஃபரன்ஷியல் கிடையாது, இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றும். அதனால்தான், எப்போதும் இடப்பக்கமே திரும்பும் இந்தத் தடங்களில், வலது டயர் பெரியதாக இருக்க வேண்டியிருக்கிறது. பெட்டி மெக்னீசியத்தில் வார்த்தது. எடைக்கு அருமை, ஆயுளுக்குக் கெடுதல். ஈரக் கொட்டகையில் பத்து ஆண்டு கிடந்தால் வெள்ளைப் பொடி பூத்து உள்ளே அரித்திருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வார்ப்பு முழுதும் போயிருக்க வாய்ப்புண்டு.

விரிசல் பார்க்கும் முறையில் தவறு நடப்பது சாதாரணம். எஃகுப் பாகங்களுக்குக் காந்தத் துகள் சோதனை. மெக்னீசியம், அலுமினியம் காந்தத்துக்கு மசியாதவை. அவற்றுக்குச் சாயம் ஊடுருவும் சோதனை. எதைச் செய்வதாக இருந்தாலும் அதற்கு முன்பு மணல் வீச்சு வேண்டாம். மணல் மேற்பரப்பைத் தட்டித் தட்டி நுண்விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது, உடைந்த சக்கரம் நல்ல சக்கரம் என்று சான்றிதழ் வாங்கிவிடும். இரசாயனக் கரைசலில் பெயின்டை நீக்கிச் சோதியுங்கள், மணல் வீச்சைப் பிறகு பார்க்கலாம்.

சேசிஸ்தான் பட்டறையின் கையெழுத்து, எனவே இதில் நேரம் செலவிடுவது நியாயம். நல்ல பட்டறைகள் பயன்படுத்தியது 4130 குரோம்-மாலி பைப். சுமார் 1 சதவீதம் குரோமியம், 0.2 சதவீதம் மாலிப்டினம், 0.3 சதவீதம் கார்பன். ஒன்றரை அங்குல விட்டமும் 0.095 அங்குலச் சுவரும் ஓட்டுபவரைக் காக்கும் கூண்டுக்கும் முதன்மைக் குழாய்களுக்கும் இன்றுவரை பரவலான அளவு. மேசையில் ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) பூட்டி, எல்லா இணைப்புகளையும் முதலில் புள்ளி வைத்து, பிறகு இடம், வலம், முன், பின் என்று மாற்றி மாற்றி வெல்டிங் வைத்து, ஜிக்கிலேயே ஆறவிட்டு எடுத்த சேசிஸ் நேராக இருக்கும். அவசரத்தில் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் வெல்டிங் இழுத்துவிடும். அளந்து பார்த்தால் அது உடனே தெரியும். முன் டார்ஷன் குழாயின் இடது முனையில் இருந்து பின் குழாயின் வலது முனைக்கு டேப் பிடியுங்கள், பிறகு எதிர் மூலைவிட்டம். 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒன்று அது கட்டும்போதே கோணியது, இல்லையேல் சுவரில் மோதியது.

பார்க்க வேண்டிய இடங்கள்: பின் டார்ஷன் குழாய் முதன்மைக் குழாயைத் தொடும் மூட்டு, அச்சு முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ராடின் வலது பின் பிடிப்பு, பக்கவாட்டு அசைவைத் தாங்கும் பான்ஹார்டு ராடின் பிடிப்பு, எஞ்சின் பிளேட்டுகள் சேரும் நான்கு மூலைகள். விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் நடுவில் வராது. வெல்டிங் முடிந்து பைப் தொடங்கும் விளிம்பில்தான் மயிரிழைபோல் ஓடும். பழைய கேஸ் வெல்டிங் அகலமாக, சூடு பரவலாக வைத்தது. பைப் சற்று இளகும், மோதினால் ஒடியாமல் வளையும். மின்பொறியால் வைக்கும் டிக் (TIG) வெல்டிங்கின் சூடு குறுகியது, மூட்டு உறுதியாக இருக்கும், ஆனால் விளிம்பு கடினமாகி விரிசலுக்கு இடம் கொடுக்கும். எது மேல் என்று வாதாடத் தேவையில்லை. வைத்த கை நிதானமானதா என்பதே கேள்வி. மீன்வாய்போல் வெட்டிய பைப் முனை அடுத்த பைப்பில் காகிதம் நுழையாதபடி உட்கார்ந்திருந்தால் அந்தப் பட்டறையை நம்பலாம். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்பியிருந்தால் மற்ற மூட்டுகளையும் சந்தேகப்படுங்கள்.

நீங்களே பழுது பார்ப்பதென்றால் விரிசலை வெல்டிங்கால் மூடாதீர்கள். விரிசலுக்கு அப்பால் நல்ல இடம்வரை வெட்டி, உள்ளே பொருந்தும் துண்டுப் பைப்பை நுழைத்து, சாய்வாக வெட்டிய மூட்டில் சேருங்கள். இந்த 2.4 மில்லிமீட்டர் சுவருக்கு இ.ஆர். 70 எஸ்-2 கம்பி போதும், முன்சூடு வேண்டாம். ஆனால் மின்விசிறியை நிறுத்துங்கள், ஈரத்துணியால் ஆற்றாதீர்கள். காற்றுப்பட்டு வேகமாக ஆறிய குரோம்-மாலி கண்ணாடிபோல் நொறுங்கும்.

குழாயில் துருவும் உண்டு. அடிவயிற்றில் ஒட்டிய மண் பல ஆண்டுகள் ஈரம் பிடித்துவைத்திருக்கும். அல்ட்ராசானிக் தடிமன் மானி கிடைத்தால் அடிக் குழாய்களை ஒவ்வொரு சாண் தூரத்திலும் அளந்துவிடுங்கள். 2 மில்லிமீட்டருக்குக் கீழே போன குழாயை மாற்றித்தான் ஆக வேண்டும்.

குரோம் பூச்சு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1960-களின் கார்களில் முன் அச்சு, ரேடியஸ் ராடு, டார்ஷன் கை எல்லாம் வெள்ளிபோல் மின்னும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பூச்சுத் தொட்டியில் எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சிய எஃகு எச்சரிக்கை இல்லாமல் ஒடியும். பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டால்தான் அது வெளியேறும். அலங்காரச் சாமான்களுக்குப் பூச்சு போடும் கடைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கண்காட்சியில் மட்டும் நிற்கும் கார் என்றால் குரோம் இருக்கட்டும். ஓடப் போகும் கார் என்றால் ஸ்டீயரிங், முன் அச்சுப் பாகங்களுக்கு மெல்லிய வெளிர்நிறப் பெயின்ட்தான் எங்கள் பரிந்துரை. தடித்த பவுடர் கோட்டிங் வேண்டாம், விரிசலை அது மறைத்துவிடும். வெளிர்நிறத்தில் விரிசல் துருக்கோடாகக் கசிந்து தானே காட்டிக்கொடுக்கும்.

ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே போகும் டார்க் டியூபை, அதாவது எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டின் உறைக் குழாயை, கழற்றிப் பார்க்காமல் ஒரு சுற்றுக்கூட ஓடக் கூடாது. அதன் முன்முனையில் உருண்டை மூட்டு, உள்ளே யூ-ஜாயின்ட். அது சிதறினால் இரும்பு சுழலும் இடம் தொடைக்கு ஒரு சாண். அதைச் சுற்றி எஃகு வளையம் இல்லாத பழைய கார்களுக்கு அதைச் சேர்ப்பது அசல் தன்மையைக் கெடுப்பதாகாது. கூண்டும் அப்படித்தான். பழைய கார்கள் பலவற்றில் தலைக்குப் பின்னால் ஒற்றை வளைவுதான் இருந்தது, கூண்டு பிற்பாடு சேர்ந்தது. அதன் கால்கள் முதன்மைக் குழாயின் மூட்டில் இறங்குகின்றனவா, நடுக்குழாயில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். நடுவில் இறங்கினால் கார் உருளும்போது அந்தக் குழாய் மடிந்து கூண்டு முழுதும் கீழே உட்காரும்.

எரிபொருள் மெத்தனால். பெட்ரோலுக்குக் காற்று விகிதம் 14.7-க்கு 1 என்றால் மெத்தனாலுக்கு 6.4-க்கு 1, இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். எரிபொருளைப் பீய்ச்சும் ஹில்போர்ன் இன்ஜெக்‌ஷனை அப்படியே வைத்துப் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் மூழ்கிவிடும். கலவையைச் சரிசெய்யும் சிறு ஜெட்டுக்கு அங்கே 'பில்' (மாத்திரை) என்று பெயர். இதில் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பில்லின் துளை பெரிதானால் எஞ்சினுக்கு எரிபொருள் குறையும், ஏனென்றால் அது டாங்குக்குத் திருப்பி அனுப்பும் வழி. பெரிய பில் போட்டால் வேகம் கூடும் என்று நினைத்துப் பிஸ்டனை உருக்கியவர்கள் குறைவல்ல. ஓட்டம் முடிந்ததும் மெத்தனாலை வடித்துவிட்டு பம்பிலும் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் பேரல் வால்விலும் எண்ணெய் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும்போது உள்ளே வெள்ளைக் கூழ் இருக்கும். மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் உடனிருப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

ஸ்டார்ட்டரும் கிளட்சும் இல்லை. கியரில் போட்டு, வண்டியால் பின்னிருந்து தள்ளி, எண்ணெய் அழுத்தம் ஏறியதைப் பார்த்த பிறகே எரிபொருளைத் திறந்து, தீப்பொறிக்கான மின்சாரம் தரும் மேக்னட்டோவைப் போட வேண்டும். அழுத்தம் ஏறாமல் போட்டால் பேரிங் போய்விடும்.

எதை வாங்குவது? முதல் கார் என்றால் எட்மண்ட்ஸ் கட்டிய மிட்ஜெட். டான் எட்மண்ட்ஸ் 1957-இல் இண்டியனாபொலிசில் சிறந்த புதுமுக ஓட்டுநர். பிறகு ஸ்டீயரிங்கை விட்டு வெல்டிங் டார்ச்சைப் பிடித்தார். அவருடைய ஆட்டோரிசர்ச் பட்டறை ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்பக் கட்டியது. அதனால் ஒரு காரின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். ஃபோக்ஸ்வேகன் காற்றுக்குளிர் எஞ்சின் போட்ட ஒன்றாகப் பாருங்கள், உதிரி கிடைக்கும். பந்தயத்துக்கென்றே செய்த ஆஃபன்ஹவுசர் எஞ்சினோடு வருவது மதிப்பில் பல படி மேல், செலவிலும் அப்படியே. ஹில்லகாஸ் போன்ற பழைய கிழக்கத்திய கார்கள் ஒவ்வொன்றும் தனிப்பிறவி; லேத்து வேலை தெரிந்தவர் கையில்தான் அவை வாழும். நான்ஸ், ட்ராஸ்டல் ஸ்பிரின்ட் சேசிஸ்கள் ஓட்ட விரும்புபவருக்கு ஏற்றவை, ஆனால் முன்மூக்கு எத்தனை முறை வெட்டி ஒட்டப்பட்டது என்று பார்த்து வாங்குங்கள்.

இவர்களின் துணிச்சலுக்கு உச்சம் கென்னி வெல்ட் 1980-இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் ஒரு மைல் தடத்துக்காகவே கட்டிய மாடிஃபைடு. பெயருக்கு லிங்கன் கான்டினென்டல் உடல். உண்மையில் காற்றைக் கொண்டு காரைத் தரையில் அழுத்தும் வடிவம். ஓட்டுநர் கேரி பேலோ அதில் வென்றார், கூட்டம் அதற்கு பேட்மொபைல் என்று பெயர் வைத்தது, விதிமுறை அந்த வடிவத்தைத் தடை செய்தது. ஒரு தடம், ஒரு வாரம் என்று இலக்கு வைத்து ஒரு காரை இவ்வளவு தூரம் சிந்திக்க ஊர்ப் பட்டறையால்தான் முடியும்.

1978-இல் டெட் ஜான்சன் தொடங்கிய வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் பந்தயத் தொடர் நிலைமையை மாற்றியது. நாடெங்கும் சுற்றும் ஓட்டுநருக்கு எல்லாத் தடத்திலும் ஓரளவு ஓடும் காரும், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரியும் தேவைப்பட்டன. மிசூரியில் நாப் நாஸ்டரின் ஈகிள் போன்ற சிற்றூர்ப் பட்டறைகள் சில தொழிற்சாலைகளாக வளர்ந்தன. வளராதவை கதவடைத்தன. அவர்கள் எந்தத் தடங்களுக்காகக் கட்டினார்களோ அவற்றிலும் பல மறைந்தன: பென்சில்வேனியாவின் லாங்ஹார்ன் 1971-இல், கலிஃபோர்னியாவில் கார்டினாவின் ஆஸ்காட் 1990-இல், சிரக்யூஸ் மைல் 2015-க்குப் பின்.

ஒரு கடைசி வேண்டுகோள். இந்த சேசிஸ்கள் பலவற்றில் வரிசை எண் கிடையாது. பிடிப்புத் தகடு வெட்டிய வளைவு, எடை குறைக்கத் துளையிட்ட வரிசை, வெல்டிங் செதில்களின் இடைவெளி இவற்றைக் கொண்டுதான் யார் கட்டியது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். புதுப்பிக்கக் கிளம்புபவர்கள் முதல் நாளே அதை அரைத்து வழவழப்பாக்கிவிடுகிறார்கள். பெயின்டை நீக்கியதும் ஒவ்வொரு மூட்டையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், தகடுகளைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள், பழைய பழுதையும் புதிய பழுதையும் தனித்தனி நிறத்தில் குறித்துவையுங்கள். அந்தத் தாள்களைக் காரோடு சேர்த்தே வையுங்கள்.